புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: கந்தோரில் ஒரு வழிகாட்டியைப் பெறுவதும் அந்த உறவைக் கெடாமல் வைத்திருப்பதும்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ முதன்முதலாக ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். நியமனக் கடிதம் கையில் இருக்கிறது, மேசை ஒன்றும் தந்துவிட்டார்கள், வேலையை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் முடித்து வந்தவர், பிரதேச செயலகத்துக்கு அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போனவர், கல்முனையில் ஒரு கம்பனியில் கணக்கெழுதச் சேர்ந்தவர் என்று எல்லாருக்கும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் முதலில் மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் நிறுவனத்திலும் பிறகு அரச கந்தோரிலும் இருந்தேன். இரண்டிடத்திலும் "யாரையாவது பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொன்னதில்லை. யாரைப் பிடிப்பது, எப்போது கேட்பது, ஏசினால் என்ன செய்வது, அவர் மாற்றலாகிப் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அடிபட்டு அடிபட்டுத்தான் தெரிந்தது. படிப்பு குறைந்ததால் முறிந்த வழிகாட்டல் உறவை நான் கண்டது குறைவு. நேரம் பார்க்காமல் கேட்டது, ஏச்சை மனதில் வைத்துக்கொண்டது, காசு நடுவில் வந்தது என்று இப்படிப்பட்டவற்றால் முறிந்ததைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன். பயிற்சிப் பட்டறைகளில் மனவெழுச்சி நுண்ணறிவு, அதாவது தன் உணர்வையும் மற்றவர் உணர்வையும் அறிந்து நடக்கும் திறன், என்று அரைநாள் ஸ்லைட் போட்டுக் காட்டுவார்கள். அது கந்தோரில் எந்த எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தாளில் இருப்பதைத் தாளிலேயே பார்த்து முடியுங்கள்

வழிகாட்டியைத் தேடப் போகுமுன், முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இது. மூத்தவர் ஒருவரின் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. லீவு எத்தனை நாள் என்று கேட்டு அதைச் செலவழிக்காதீர்கள்.

அரச சேவை என்றால் நியமனக் கடிதம், கடமைப் பட்டியல், உங்கள் சேவையின் பிரமாணக் குறிப்பு மூன்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். கடமைப் பட்டியலை எழுத்தில் தராவிட்டால் நிர்வாகக் கிளையில் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பின்னால் வரும் பாதிச் சண்டைக்குத் தீர்ப்பே கிடையாது. தகுதிகாண் காலம் பெரும்பாலும் 3 வருடம். வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, இரண்டாம் மொழித் தகைமை ஆகியவற்றை எந்தக் காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பிரமாணக் குறிப்பிலேயே இருக்கும். அந்தத் திகதிகளைக் கலண்டரில் குறியுங்கள். லீவு சாதாரணமாக வருடத்துக்கு கெஷுவல் 21, வெக்கேஷன் 24. முதல் வருடத்துக் கணக்கு வேறு, அதை லீவு எழுதும் மேசையில் கேட்கலாம்.

தனியார் கம்பனி என்றால், கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடாந்த லீவு 14 நாள், கெஷுவல் 7 நாள். முதல் வருடத்தில் கெஷுவல் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு அவர் போடுவது 3 வீதம், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. அங்கத்துவ இலக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் நீங்களே தெரிந்துகொண்டு போனால், மூத்தவரிடம் தாளில் எழுதாத விடயங்களைக் கேட்க முடியும். எந்த அதிகாரிக்கு நீளமான குறிப்பு பிடிக்காது, எந்தக் கடிதத்துக்கு அன்றே பதில் போட வேண்டும், யாரிடம் தொலைபேசியில் பேசக்கூடாது, நேரில்தான் போக வேண்டும் என்பன போன்றவை. அவர் தரக்கூடிய பெறுமதியான அறிவு இதுதான்.

2. கையெழுத்து வைப்பவர் வேறு, கற்றுத்தருபவர் வேறு

உங்கள் சேவையை உறுதிப்படுத்தச் சிபாரிசு செய்பவர் மேற்பார்வை உத்தியோகத்தர். அவரே நல்ல வழிகாட்டியாகவும் இருந்தால் அது அதிர்ஷ்டம். ஆனால் உங்களுக்குப் புள்ளி போடுகிறவரிடம் "எனக்கு இது விளங்கவில்லை" என்று மனம் திறந்து சொல்வது லேசான காரியமில்லை. ஆகவே கற்றுக்கொள்ள வேறொருவரை வைத்துக்கொள்வது நல்லது. அவர் பக்கத்துக் கிளைக்காரராக இருக்கலாம், உங்களைவிட ஐந்தாறு வருடம் மூத்த முகாமைத்துவ உதவியாளராகவும் இருக்கலாம். பதவியில் உங்களுக்குக் கீழே இருப்பவர்கூட வேலையில் பத்து மடங்கு தேர்ந்தவராக இருப்பார். பட்டதாரி என்ற நினைப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்தால்தான் இவரிடம் படிக்க முடியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் வேறு கிளைக்குப் போய்ப் போய் உட்கார்ந்தால் அவர் மனம் நோகும். வாயால் சொல்ல மாட்டார், ஆனால் உங்கள் கோப்பு மட்டும் அவர் மேசையில் தாமதமாகும். அதனால் ஒரு வசனத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "சேர், வவுச்சர் வேலையைக் கணக்குக் கிளை அக்காவிடம் கொஞ்சம் பழகட்டுமா?" சரி என்பார். மாட்டேன் என்று சொன்னவரை நான் இன்னும் காணவில்லை. கேட்காமல் போனதற்காக முகம் திருப்பியவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

3. ஆளைத் தெரிவுசெய்ய ஒரு மாதமாவது பாருங்கள்

முதல் நாளே வந்து தேநீர் வாங்கித்தந்து "தம்பி, இங்க யாரையும் நம்பாதீங்க, என்ன வேணுமெண்டாலும் என்னட்டக் கேளுங்க" என்பவர் ஒருவர் எல்லாக் கந்தோரிலும் இருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பல வேளைகளில் அவர் தன் அணிக்கு ஆள் சேர்க்கிறார். இடமாற்றப் பட்டியல், நலன்புரிச் சங்கத் தெரிவு, பழைய கோபதாபம் என்று கந்தோருக்குள் இரண்டு மூன்று அணிகள் இருப்பது சாதாரணம். முதல் மாதத்தில் எந்த அணியிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். தேநீரைக் குடியுங்கள், நன்றி சொல்லுங்கள், கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள்.

அந்த மாதத்தில் மூன்று இடங்களில் ஆட்களைக் கவனியுங்கள். கோபத்தோடு வரும் பொதுமகனிடம் எப்படிப் பேசுகிறார்? வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டு, படுவான்கரையிலிருந்து தோணியும் பஸ்ஸும் ஏறி வந்த ஓர் அம்மா சத்தம் போடும்போது, அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுப் பெயரைத் தேடுபவர் ஒருவர். "சத்தம் போடாதீங்க, நாளைக்கு வாங்க" என்பவர் இன்னொருவர். நீங்கள் பிழை செய்யும் நாளில் உங்களிடமும் அவர்கள் இப்படித்தான் நடப்பார்கள். அடுத்தது, கந்தோர் உதவியாளரோடும் சாரதியோடும் அவர் பேசும் விதம். மூன்றாவது, இல்லாதவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்பது. போன உத்தியோகத்தரின் குறைகளை உங்களிடம் அடுக்குபவர், உங்கள் குறைகளையும் எங்கேயோ அடுக்கிக்கொண்டிருப்பார்.

கெட்டிக்காரர் ஆனால் வாய் பொல்லாதவர், சாதாரண ஆள் ஆனால் நிதானமானவர் என்று இருவர் இருந்தால் யாரிடம் போவது? முதல் வருடத்துக்கு நிதானமானவரிடம் போங்கள் என்பேன். பயந்துகொண்டு இருப்பவன் கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவனுக்கு எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் பக்கத்தில் இருந்தும் பிரயோசனம் இல்லை. இரண்டாம் வருடத்தில் மற்றவரிடம் போகலாம். அப்போது அவருடைய வாயும் உங்களுக்குப் பழகியிருக்கும்.

4. நேரம் பார்த்துக் கேளுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

அரச கந்தோர் நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. ஆள் வந்து இறங்கியதும் கேள்வியோடு போகாதீர்கள். வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவருக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். காலைத் தேநீருக்குப் பிறகு ஒரு அமைதி வரும், அதைப் பிடியுங்கள். பொதுமக்கள் நாளில் எதுவும் கேட்காதீர்கள். நாலு மணிக்குக் கேட்கும் கேள்விக்குப் பதில் வரும், ஆனால் அது பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொல்லும் பதில்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை விட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வழிகாட்டியிடம் காலையிலேயே கேட்டு முடித்துவிடுங்கள், பின்னேரம் களைப்பில் இருப்பவரை வருத்த வேண்டாம். அந்த மாதத்தில் "ஒரு டீ குடிச்சுக்கொண்டு கதைப்பமா" என்று வாய்தவறிக் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போவார். ஆனாலும் தவிர்க்கலாமே.

மாதக் கணக்கையும் தெரிந்து வையுங்கள். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நாட்களில் அந்த மேசைப் பக்கமே போகாதீர்கள். வருடக் கணக்கு இன்னும் முக்கியம். அரச நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. மிச்சப் பணத்துக்கு வவுச்சர் போட்டு முடிக்க டிசம்பரில் கணக்குக் கிளையே கொதித்துக்கொண்டிருக்கும். வடகீழ்ப் பருவமழையும் அதே காலத்தில்தான் கொட்டும். வெள்ளம் வந்தால் கள உத்தியோகத்தர்கள் இடைத்தங்கல் முகாம், உலர் உணவு, சேத விபரம் என்று அலைவார்கள். அது முடியும்போது பெரும்போக அறுவடை தொடங்கிவிடும். சொந்த வயல் உள்ள உத்தியோகத்தர்கள் எங்கள் பக்கம் நிறைய, அவர்கள் லீவு போட்டுவிட்டு வயலுக்குப் போவார்கள், வந்தாலும் மனம் வயலில்தான் இருக்கும். ஆகவே ஒழுங்காக உட்கார்ந்து படிக்க ஏற்ற காலம் மார்ச் தொடக்கம். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையையும், வைகாசியில் அவர் ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு இருந்தால் அந்த நாட்களையும் கழித்துவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் சேர்ந்தவர்களே, உங்களை யாரும் ஒதுக்கவில்லை. எல்லாரும் மூழ்கிப்போய் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் பழகியதும் ஒரு நிலையான நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் போதும். அந்த நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களும் சின்னச் சின்னக் கேள்விக்கெல்லாம் ஓட மாட்டீர்கள், அவரும் உங்களைக் கண்டதும் களைக்க மாட்டார்.

5. கேட்கும் முறை

"எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா" என்று கேட்காதீர்கள். அது எங்கள் ஊரில் சினிமா வசனம். கேட்கப்பட்டவர் கூச்சப்படுவார், பொறுப்பு ஒன்று தலையில் விழுந்ததென்று பயப்படுவார். ஒரு சின்ன வேலையோடு போங்கள். வெறுங்கையோடு போகாமல், பிழையானாலும் நீங்களே எழுதிய வரைவோடு போங்கள்: "அக்கா, இந்தக் கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன், அனுப்ப முதல் ஒருக்கா பார்ப்பீங்களா?" முயன்று பார்த்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் விருப்பம்தான். அவர் திருத்தித் தந்ததை அனுப்பியபின், என்ன ஆயிற்று என்று போய்ச் சொல்லுங்கள். "நீங்க சொன்ன மாதிரிப் போட்டேன், சேர் ஒண்டும் திருத்தயில்ல." பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை. உதவியை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். அடுத்த முறை கதவு திறப்பது இந்த ஒரு வசனத்தால்தான்.

அழைப்பு முறையில் கவனம். சேர், மெடம், மிஸ் என்று தொடங்குவது பாதுகாப்பு. அண்ணன், அக்கா, நானா, காக்கா, ராத்தா என்று அழைக்கும் உரிமை மற்றவர் அப்படிச் சொல்லச் சொன்ன பிறகு வரட்டும், அல்லது அவரே உங்களைத் தம்பி, தங்கச்சி என்று அழைக்கத் தொடங்கட்டும். தனியே இருக்கும்போது அக்கா என்றாலும் வெளியாட்கள் முன்னால் மிஸ் என்றே சொல்லுங்கள்.

அம்பாறை நகரத்துக் கந்தோர்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். உங்கள் சிங்களம் அரைகுறை என்பது பிரச்சினையே இல்லை, மறைப்பதுதான் பிரச்சினை. விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்து வேலையைப் பிழையாகச் செய்தால், கவனமில்லாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். "ஹெமின் கியன்ன, சேர்" என்று மெதுவாகச் சொல்லும்படி கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. பெரியவர்களிடம் 'ஓயா' என்று பேசாதீர்கள், அந்த இடத்தில் சேர் அல்லது மெடம் என்றே போடுங்கள். சிங்கள உத்தியோகத்தர் ஒருவருக்கு நீங்கள் தமிழ்க் கடிதங்களை வாசித்துச் சொல்ல, அவர் உங்களுக்குக் கோப்பு நடைமுறையைச் சொல்லித்தருவதாக ஒரு கொடுக்கல் வாங்கல் உருவானால், உங்கள் இரண்டாம் மொழிப் பரீட்சைக்கும் அதுவே பயிற்சி. செலவில்லாத வகுப்பு.

6. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள்

இந்த முழுக் கட்டுரையிலும் நிச்சயமாகச் செய்ய வேண்டிய செலவு இது ஒன்றுதான். போனில் எழுதாதீர்கள். மூத்தவர் பேசும்போது நீங்கள் போனைத் தட்டினால், வட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் அவருக்குப் படும்.

இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் நீங்கள் செய்தது, மேலே திகதி. ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்காமல் இருப்பதற்கே இந்தக் கொப்பி. ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கும்போது, எவ்வளவு நல்ல மனிதருக்கும் முகம் மாறும். மாத முடிவில் அரைப் பக்கம் எழுதுங்கள்: இந்த மாதம் தனியாகச் செய்யக்கூடியதாக வந்தவை, இன்னும் உதவி தேவைப்படுபவை. தகுதிகாண் காலம் முடிந்து உறுதிப்படுத்தும் நேரத்தில், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் அந்த அரைப் பக்கங்கள் கை கொடுக்கும்.

கொப்பியில் எழுதக்கூடாதவையும் உண்டு. யாரைப் பற்றியும் அபிப்பிராயம், வழிகாட்டி நம்பிச் சொன்ன சொந்தக் கதை, கந்தோர்க் கிசுகிசு எதுவும் வேண்டாம். கொப்பி மேசையில் கிடக்கும், யாரோ புரட்டுவார்கள்.

7. ஏச்சு வாங்கும் நாள்

வரும். கட்டாயம் வரும். ஆட்கள் பார்க்க வரும்.

மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை 1990இல் வரையறுத்த பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற உளவியலாளர்கள் பின்னர் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்வை அடையாளம் காண்பது, சிந்தனைக்கு உதவியாகப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொள்வது, கையாள்வது. ஏச்சு விழும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இந்த வரிசை நன்றாகப் பொருந்துகிறது.

முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். காது சுடுகிறதா, தொண்டை அடைக்கிறதா? அப்படியென்றால் இப்போது பேசும் எந்த வசனமும் சரியாக வராது. "சரி சேர், பார்க்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். அழுகை வந்தால் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. பிறகு கொப்பியை எடுத்து, அவர் சொன்னதில் ஏச்சைக் கழித்துவிட்டுத் தகவலை மட்டும் எழுதுங்கள். "உனக்கெல்லாம் யார் டிகிரி தந்தது, திகதி போடாமக் கடிதம் அனுப்புறியா" என்பதில் எழுத வேண்டியது கடிதத்துக்குத் திகதி என்பது மட்டும்தான்.

அடுத்து, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கணக்காய்வு வந்திருக்கிறதா? அவருக்கு மேலிடத்திலிருந்து அன்று காலை ஏச்சு விழுந்ததா? வீட்டில் யாருக்காவது சுகமில்லையா? காரணம் தெரிந்தால் ஏச்சு நியாயமாகிவிடாது, ஆனால் அதை உங்கள் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டீர்கள். மறுநாள் திருத்திய வேலையோடு போய் நில்லுங்கள். "நேற்று நீங்க ஏசினது எனக்குக் கவலையா இருந்தது" என்று சொல்ல வேண்டுமென்றால் திருத்திய தாளைக் கொடுத்த பிறகு, தனியே இருக்கும்போது, ஒரே ஒருமுறை சொல்லுங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு மேல் அந்த இடத்தில் இறங்கிவருவார்கள்.

பொறி: பக்கத்து மேசைக்காரர் ஆறுதல் சொல்ல வருவார். அவரிடம் கொட்டாதீர்கள். நீங்கள் சொன்னது மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏசியவர் காதில் விழும், அதுவும் இரண்டு மடங்காக. வீட்டில் சொல்லுங்கள், கந்தோருக்கு வெளியே உள்ள நண்பரிடம் சொல்லுங்கள்.

ஒரு எல்லையும் இருக்கிறது. வேலையைப் பற்றி ஏசுவது வேறு. சாதியை, ஊரை, மதத்தை, உடம்பைச் சொல்லி ஏசுவது வேறு. இரண்டாவது நடந்தால் பொறுமைக்கு வேலையில்லை. திகதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை வீட்டில் வேறு கொப்பியில் எழுதிவைத்து, திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் முறையிடுங்கள். இரவில் தூக்கம் கெட்டுப் பல நாள் நீண்டால், தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம்.

8. அவருடைய துக்கம்

எங்கள் மாவட்டங்களில் நாற்பது வயது தாண்டிய எவரிடமும் ஒரு பழைய காயம் இருக்கும். சுனாமி வந்த நாளான டிசம்பர் 26 வந்தால் நாவலடி, கல்லடி, சாய்ந்தமருது, மருதமுனைக்காரர் சிலர் லீவு எடுப்பார்கள், அல்லது வந்து பேசாமல் இருப்பார்கள். டவுனில் சிலருக்கு, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த ஏப்ரல் 21ஆம் திகதியும் அப்படித்தான். யுத்த காலத்துத் திகதிகள் ஆளுக்கொன்று. காரணம் கேட்காதீர்கள். "எத்தனை பேர் போனது" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவருடைய அன்றைய வேலையில் உங்களால் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துச் செய்துவிடுங்கள், அதைச் சொல்லிக் காட்டவும் வேண்டாம். அவராகச் சொல்ல வந்தால் கேளுங்கள். உங்கள் குடும்பத்துக் கதையை உடனே பதிலுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

செத்த வீடு என்றால் தாமதிக்காதீர்கள். முஸ்லிம் வீடுகளில் அடக்கம் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும், நாளைக்குப் போகலாம் என்று இருந்தால் ஜனாஸா போய்விடும். கந்தோரிலிருந்து வாகனம் போகும், அதில் ஏறுங்கள். பணம் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை, நலன்புரிச் சங்கத்தின் மூலமாகச் சேர்ந்து கொடுப்பதே வழக்கம். கலியாண வீட்டுக்கும் இதேதான்: எல்லாரும் எழுதும் அளவை எழுதுங்கள். புதிதாக வந்தவர் அதிகம் எழுதினால் மற்றவர்களுக்குச் சங்கடம்.

9. காசு விடயம்

தேநீரும் ரோல்ஸும் மாறி மாறி வாங்கலாம். எப்போதும் அவரே வாங்கவும் விடாதீர்கள், எப்போதும் நீங்களே வாங்கவும் வேண்டாம். வீட்டுத் தயிர், வயல் அரிசி, மாம்பழம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம், அதில் பிழையில்லை. ஆனால் உறுதிப்படுத்தல் சிபாரிசு எழுதப்படும் மாதத்தில் கொடுக்காதீர்கள். அப்போது அது பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும், வாங்குபவருக்கும் கூச்சம்.

பெரிய பொறி பிணைக் கையெழுத்து. வங்கிக் கடனுக்கு நிரந்தர அரச ஊழியர் இருவரின் பிணை கேட்பது பரவலான நடைமுறை. ஆகவே நீங்கள் நிரந்தரமான கையோடு, உங்களுக்கு வேலை சொல்லித்தந்தவரே தாளோடு வரக்கூடும். இல்லை என்று சொல்ல வாய் வராது. ஆனால் அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களைத் தேடி வரும், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அந்தப் பிணை உங்கள் பெயரிலும் நிற்கும், பின்னர் நீங்கள் வீடு கட்டக் கடன் கேட்கும்போது அதையும் பார்ப்பார்கள். நன்றிக்கடனை இப்படி அடைக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே வீட்டில் பேசி ஒரு முடிவு எடுத்து வையுங்கள்: "வீட்டில ஒருத்தருக்கும் பிணை வைக்கிறதில்ல எண்டு முடிவெடுத்திருக்கிறம், குறை நினைக்காதீங்க." சிரித்த முகத்தோடு, காரணங்களை அடுக்காமல், ஒரே தடவையில் சொல்லுங்கள். காரணம் சொன்னால் அதற்கு அவர் ஒரு தீர்வு சொல்வார். சீட்டுக்கும் இதே பதில்தான். சில நாள் முகம் இறுகியிருக்கும், பிறகு சரியாகிவிடும். கடன் முறிந்தால் சரியாகாது.

இன்னொன்று காசில்லாத கடன். லீவு விண்ணப்பத்தில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வழிகாட்டியிடமே நீட்டாதீர்கள். மாற்றி மாற்றிக் கேளுங்கள், அவர் லீவு போடும்போது நீங்களாக முன்வந்து கையெழுத்து வையுங்கள்.

10. எல்லைக் கோடு

வழிகாட்டி ஆண், நீங்கள் பெண், அல்லது மறுதலை என்றால், சின்ன ஊர், கதை கட்ட நாள் போதாது. கதவு திறந்த அறையில், மற்றவர்கள் இருக்கும் நேரத்தில், மேசையின் இரு பக்கமுமாக இருந்து பேசுங்கள். கந்தோர் முடிந்தபின் வட்ஸ்அப்பில் வேலைக் கேள்வி அனுப்பாதீர்கள், அவர் அனுப்பினால் காலையில் பதில் போடுங்கள். கள வேலைக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் போகச் சொன்னால், மூன்றாமவரும் வரும் நாளைக் கேளுங்கள். இதெல்லாம் அவரைச் சந்தேகிப்பதற்காக அல்ல, நல்ல மனிதர் என்றால் அவருடைய பெயரையும் இதுதான் காக்கிறது.

நல்ல மனிதர் இல்லையென்றால்? வேலை சொல்லித்தருவதையோ சிபாரிசு எழுதுவதையோ காட்டி உங்களிடம் வேறு எதையாவது எதிர்பார்த்தால் அது குற்றம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் வரும், ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அரச உத்தியோகத்தர் பாலியல் சலுகையை இலஞ்சமாகக் கேட்பதும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றம். செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில் நம்பிக்கையானவருக்கு அனுப்பி வையுங்கள். பெண்கள் உதவி இலக்கம் 1938, இலஞ்ச ஊழல் ஆணைக்குழு 1954. முதலாவது நீங்கள் எங்கே வேலை செய்தாலும் பொருந்தும்.

11. அவர் மாற்றலாகிப் போகும்போது

போவார். வேலைத்தள வழிகாட்டலை ஆராய்ந்த கேத்தி கிராம் 1983இல் எழுதிய கட்டுரையில் இந்த உறவை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, புதிய வடிவம். தொடக்கத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், வளர்ச்சிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் என்பது அவர் கண்ட கணக்கு. அவர் பார்த்தது அமெரிக்கக் கம்பனி ஒன்றை. இங்கே வருடாந்த இடமாற்றப் பட்டியல் வந்தால் வளர்ச்சியின் நடுவிலேயே பிரிவு வந்துவிடும். ஆகவே முதல் வருடத்திலேயே இரண்டாவது ஒருவரோடும் பழகி வையுங்கள்.

மாற்றல் கடிதம் வந்ததும் அவருக்கு ஒப்படைப்பு வேலை தலைக்கு மேல் இருக்கும். உங்கள் கவலையை அப்போது அவரிடம் கொண்டுபோகாதீர்கள். கோவைகளைப் பட்டியலிட, பொருள் பதிவேட்டைச் சரிபார்க்க உதவுங்கள். அந்த வேலையின்போதே, எந்தக் கோப்பில் என்ன நிலுவை, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் தானாக வரும். மறுகா கேட்கலாம் என்று விட்டால் புது இடத்து வேலை அவரை விழுங்கிவிடும்.

போனபின் முதல் மாதம் அழைக்காதீர்கள், புது இடத்தில் இப்போது அவரும் புதியவர். அதன்பின் பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஒரு அழைப்பு, அதில் வேலைக் கேள்வி வேண்டாம். அவருடைய மேசைக்கு வந்தவரிடம் "முந்தி இருந்த சேர் இப்படித்தான் செய்வார்" என்ற வசனத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். புதியவர் செய்யும் முறை பிழையென்று பட்டால், பழையவருக்கு போன் போட்டுக் கேட்காமல், சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு புதியவரிடமே கேளுங்கள்: "மெடம், இந்தப் பந்தியை இப்படி விளங்கிக்கொண்டேன், சரியா?"